பிள்ளைகள், அம்மா, ஒரு பாய்மரப் படகு: குரோஷியக் கடற்கரையில் ஒரு வாரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பெண்கள். பெரியவளுக்கு இப்போது 12 வயது, சின்னவளுக்கு 8. குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்து இதுவரை மூன்று முறை ஒரு வாரம் சுற்றியிருக்கிறோம். மூன்றாவது முறை கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட வந்தார். ஒவ்வொரு தடவை போய் வந்த பிறகும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். படிக்கும்போதே தெரியும், பாதிக் கேள்விகளுக்கு என் பதில் "இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். தூரம், இடங்கள், சாமான், எல்லாமே.

ஏன் குரோஷியா? கிரீஸ், இத்தாலி எல்லாம் இருக்கிறதே?

தீவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். 1,200-க்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைத் திட்டுகளும் கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கின்றன, மக்கள் குடியிருப்பது அதில் ஐம்பதை ஒட்டித்தான். ஒரு துறையிலிருந்து கிளம்பினால் அடுத்த தீவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கடல் ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு. பிரான்ஸின் சான் மாலோ பக்கம் தண்ணீர் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும், இங்கே சாதாரணமாக அரை மீட்டருக்குள் முடிந்துவிடும், அதனால் இரவில் படகைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

கிரீஸ் அழகில் குறைந்ததில்லை. ஆனால் ஏஜியன் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்கிற வடகாற்று நாள்கணக்கில் விடாமல் அடிக்கும், சின்னப் பிள்ளைகளோடு முதல் அனுபவமாக அது வேண்டாம். கிரீஸ்தான் வேண்டும் என்றால் மேற்குப் பக்கத்து அயோனியன் தீவுகளைப் பாருங்கள், கோர்ஃபு, லெஃப்கடா எல்லாம் சாந்தமான இடங்கள்.

எங்களுக்குப் படகு ஓட்டவே தெரியாது. போகலாமா?

தாராளமாக. ஸ்கிப்பரோடு, அதாவது படகை ஓட்டும் பொறுப்பாளரோடு, சேர்த்துப் படகை எடுத்தால் போதும். பாய் ஏற்றுவது, துறையில் கட்டுவது, எங்கே இரவு தங்குவது என்று எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார், விருப்பம் இருந்தால் உங்களுக்கும் சொல்லித் தருவார். மூன்று விஷயம் மட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தனி அறை கொடுக்க வேண்டும், அதாவது நான்கு பேர் குடும்பத்துக்கும் மூன்று அறைப் படகு தேவை. அவருடைய சாப்பாடு உங்கள் பொறுப்பு. கடைசியாக, "இன்றைக்குக் கிளம்ப வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. நீங்கள் பணம் கொடுத்திருக்கலாம், ஆனால் படகிலிருக்கும் உயிர்களுக்குப் பொறுப்பு அவர்.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. அப்போதும் ஸ்கிப்பர் வேண்டுமா?

நானாக ஓட்ட வேண்டும் என்றால் படகு ஓட்டும் தகுதிச் சான்றிதழும், வி.எச்.எஃப். ரேடியோ சான்றிதழும் இரண்டுமே குரோஷியாவில் கேட்பார்கள். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு எஸ்.பி.எஃப். சே என்கிற கடல் படகு லைசென்ஸும் எஸ்.ஆர்.சி. என்கிற ரேடியோ சான்றிதழும் போதும். நான் தேறியிருந்தும் முதல் வருடம் ஸ்கிப்பர் வைத்துக்கொண்டோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. பரீட்சைக்கு ஓட்டியது சின்ன மோட்டார் படகு. இங்கே 12 மீட்டர் படகைப் பக்கவாட்டுக் காற்றில், இரண்டு பக்கமும் அடுத்தவர் படகு இருக்க, பின்னோக்கி ஓட்டி நடைமேடையில் கட்ட வேண்டும். அதை ஒருவர் ஏழு நாள் செய்து காட்டப் பார்ப்பது பெரிய படிப்பு. முழு வாரமும் வேண்டாம் என்றால் முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள், சிலர் வருவார்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் அல்லது செப்டம்பர். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை படகு வாடகை உச்சத்தில் இருக்கும், நல்ல துறைகளில் மதியம் இரண்டு மணிக்கே இடம் நிரம்பிவிடும், அறைக்குள் படுக்க முடியாத புழுக்கம். எங்கள் மாநிலத்தில் ஜூன் ஒட்டி வரும் பெந்தெகொஸ்தே விடுமுறையில்தான் நாங்கள் போகிறோம். தண்ணீர் அப்போது 20, 21 டிகிரி, இறங்கும்போது பல் கிட்டும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடான கடல் இன்னும் ஆறாமல் இருக்கும், அது இன்னும் சுகம், பள்ளி விடுமுறை மட்டும் ஒத்துவராது. தமிழ்நாட்டிலிருந்து மே விடுமுறையில் வருபவர்கள் மாதக் கடைசியைப் பாருங்கள். மே தொடக்கத்தில் பிள்ளைகள் நீந்த முடியாத அளவு குளிர்.

விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்?

2023 ஜனவரி 1-லிருந்து குரோஷியா, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது, அன்றே நாணயமும் யூரோ ஆகிவிட்டது. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாட்டில் வசிப்புரிமை அட்டையோடு இருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஷெங்கன் விசா: பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, அதற்கும் சின்னவர்களுக்குக் கட்டணமில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு வரவேண்டும் என்பது விதி, சில சமயம் 45 நாள் வரை போகும், அதனால் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடத்துக்கு ஆதாரமாகப் படகு ஒப்பந்தத்தையும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லோர் பெயரும் இருக்கும் பயணிகள் பட்டியலையும் வையுங்கள்.

பக்கத்திலிருக்கும் மாண்டிநெக்ரோவுக்கும் படகிலேயே ஒரு எட்டு போய்வரலாமே என்று தோன்றும். அது ஷெங்கனுக்கு வெளியே. ஒற்றை நுழைவு விசாவில் போனால் திரும்பி வர முடியாது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

முதல் முறை நாங்கள் செய்த செலவையே சொல்கிறேன். ஜூன் முதல் வாரம், 40 அடி படகு, மூன்று அறை, நாங்கள் நால்வரும் ஸ்கிப்பரும். படகு வாடகை 2,900 யூரோ. ஸ்கிப்பருக்கு நாளொன்றுக்கு 220 வீதம் 1,540. கடைசித் துப்புரவு, படுக்கை விரிப்பு, சின்ன ரப்பர் படகுக்கு மோட்டார் எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாக 350. மூன்று இரவு மரீனாவில், அதாவது வசதிகளுள்ள படகுத் துறையில், கட்டியதற்கு 330, குடாக்களில் போட்டிருக்கும் மிதவைகளில் கட்டியதற்கு 80, டீசல் 120. படகுக்குச் சேதமானால் பிடித்துக்கொள்ளும் பிணைத்தொகைக்கான காப்பீடு 300. சாப்பாடும் கடைச் சாமானும் 900. கூட்டினால் 6,520 யூரோ, ஸ்டுட்கார்ட்டிலிருந்து போய்வந்த செலவு தனி. அதே படகு ஆகஸ்டில் பல இடங்களில் ஒன்றரை மடங்குக்கு மேல்.

விளம்பரத்தில் தெரிகிற வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள்தான் அங்கே போய்த் திணறுகிறார்கள். நான் சொன்ன கணக்கில் வாடகை பாதிகூட இல்லை, பாருங்கள்.

சாதாரணப் படகா, கேட்டமரானா?

கேட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் இன்றைய கேட்டமரான் வேறு உருவம்: இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவில் அகலமான கூடம். சாய்வதில்லை, அதனால் மேசையில் வைத்த தம்ளர் அப்படியே நிற்கும். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் பணம் இருக்கும் பட்சத்தில் யோசிக்காமல் இதை எடுங்கள். வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு, மரீனாக்களிலும் கூடுதல் கட்டணம்.

ஒற்றை உடல் படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். என் மனைவிக்கு முதல் நாள் அது பிடிக்கவே இல்லை, மூன்றாம் நாள் அவள்தான் சுக்கானை விட மறுத்தாள். பாய்மரப் பயணத்தின் உண்மையான ருசி அந்தச் சாய்வில்தான் என்பது என் எண்ணம். பிள்ளைகள் இரண்டிலும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள்.

பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். படகின் பத்திரத்தில் எத்தனை பேர் என்று இருக்கிறதோ அதில் கைக்குழந்தையும் ஒரு ஆள்தான்.

ஏழு நாளுக்கு எந்த வழி?

கிட்டத்தட்ட எல்லாப் படகும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. மாலை ஐந்து மணிவாக்கில் கையில் தருவார்கள், அடுத்த வெள்ளி மாலைக்குள் திரும்பி அதே துறைக்கு வந்து, சனி காலை இறங்கிவிட வேண்டும். ஆக, ஏழு இரவு என்றாலும் கடலில் முழுதாகக் கிடைப்பது ஆறு நாள்தான். ஒரு நாளுக்குச் சராசரி 15 கடல் மைல், அதாவது சுமார் 28 கிலோமீட்டர், அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள். படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போகும் என்று வைத்தால் மூன்று மணி நேரம். பிள்ளைகளின் பொறுமையும் அவ்வளவுதான்.

ஸ்ப்ளிட் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே த்ரோகிரும் கஷ்டெலாவும் இருக்கின்றன, அங்கிருந்து கிளம்புவது வசதி. முதல் இரவு கிளம்பவே வேண்டாம், சாமான் அடுக்கிவிட்டு த்ரோகிரின் பழைய ஊருக்குள் நடந்துவிட்டு வாருங்கள். ஞாயிறு, ஷோல்டா தீவின் மஸ்லினிட்சா. பத்து மைலுக்குள்தான், ஏழு குட்டித் தீவுகள் எதிரே இருக்கும். திங்கள், ஹ்வார் தீவுக்கு எதிரே பக்லெனி தீவுக்கூட்டத்தில் ஒரு குடா. செவ்வாயும் புதனும் விஸ் தீவு. வியாழன் ஹ்வாரின் வடக்குப் பக்கம் ஸ்டாரி கிராட். வெள்ளி, ஷோல்டாவுக்கும் பிராச் தீவுக்கும் நடுவிலுள்ள குறுகிய வாயில் வழியாகத் திரும்புதல். அந்தக் கடைசி நாள்தான் நீளம், இருபது மைலைத் தாண்டும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

தெற்கே இருக்கும் டுப்ரோவ்னிக் நகரம் இந்தப் பட்டியலில் இல்லையே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்ப்ளிட்டிலிருந்து போய்த் திரும்ப ஒரு வாரம் போதாது. அது வேண்டும் என்றால் அங்கிருந்தே படகு எடுத்து ம்லேத், கோர்ச்சுலா தீவுகள் பக்கம் சுற்றுங்கள்.

நாம் போட்ட திட்டப்படியே போக முடியுமா?

முடியாது, இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். திட்டத்தைப் பென்சிலில் எழுதுங்கள், வழியைக் காற்று முடிவு செய்யட்டும்.

நம்மிடம் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு காற்றுப் பெயர் இருப்பதுபோல அந்தக் கரைக்காரர்களிடமும் உண்டு. மூன்று பெயர் தெரிந்தால் போதும். மாஎஸ்ட்ரால், வடமேற்குக் காற்று. வெயில் காலத்தில் முற்பகலில் மெல்லத் தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கு உச்சம் தொட்டு, சூரியன் இறங்கும்போது அடங்கிவிடும். வானம் தெளிவாக இருக்கும், பாய்மரத்துக்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. யூகோ, தென்கிழக்கிலிருந்து வருவது, ஈரமும் வெதுவெதுப்பும் கலந்த காற்று. திடீரென்று வராது, இரண்டு மூன்று நாளாக ஏறிக்கொண்டே போகும், வானம் சாம்பல் நிறமாகும், அலை பெரிதாகும், மழை வரும். பூரா, வடகிழக்கிலிருந்து மலைகளைத் தாண்டிச் சரிந்து விழும் குளிர்காற்று. இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் வானம் பளிச்சென்று இருக்கும்போதே அறைகிற மாதிரி வந்து இறங்கும். குளிர்காலத்தில்தான் இதன் முழு வேகமும், கோடையில் வந்தாலும் பெரும்பாலும் ஒரு நாளில் போய்விடும். இவை தவிர, நெவெரா என்று கோடை இடிமழை ஒன்று. மேற்கே கருமேகம் திரண்டால் பேசாமல் துறைக்குள் போய்விடுங்கள்.

குரோஷிய வானிலைத் துறையின் கடல் அறிக்கையைத் தினமும் காலையும் மாலையும் பாருங்கள். ரேடியோவில் ஆங்கிலத்திலும் வாசிக்கிறார்கள்.

இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவள் விஸ் தீவுக்குப் பக்கத்திலிருக்கும் பிஷேவோவின் நீலக் குகையைப் பார்க்க மூன்று மாதமாக நாளெண்ணிக்கொண்டிருந்தாள். திங்கள் மாலை அறிக்கையில் யூகோ வருகிறது என்றிருந்தது. விஸ்ஸுக்குப் போயிருந்தால் அலை தணியும் வரை அங்கேயே மாட்டியிருப்போம், குகைக்கும் அந்த அலையில் யாரையும் கூட்டிப் போகமாட்டார்கள். அவளிடம் விளக்கிச் சொன்னேன், அழுதாள். ஸ்டாரி கிராடுக்குத் திருப்பினோம். நீளமான குடாவின் உள்ளே ஒதுங்கியிருக்கும் ஊர், இரண்டு இரவு கட்டிக்கொண்டு கிடந்தோம். மழை விட்ட நேரத்தில் 16-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பேதர் ஹெக்டோரோவிச் கட்டிய த்வ்ர்தால் என்ற கோட்டை வீட்டுக்குப் போனோம். வீட்டுக்கு நடுவே கடல் தண்ணீர் வந்துபோகும் ஒரு மீன்குளம், பிள்ளைகள் ஒரு மணி நேரம் அதன் விளிம்பை விட்டு நகரவில்லை. மறுநாள் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஊருக்கு வெளியே வயல்வெளிக்குப் போனோம். கி.மு. 384-இல் பாரோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய கிரேக்கர்கள் அளந்து பிரித்த நிலப்பங்குகள் சுண்ணாம்பில்லாத கல்சுவர்களோடு இன்னும் அப்படியே இருக்கின்றன, அவற்றில் திராட்சையும் ஒலிவமும் விளைந்துகொண்டிருக்கின்றன. பக்கத்துப் படகிலிருந்த ஒரு ஸ்லோவேனியப் பெரியவர் இரண்டு பேருக்கும் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார், அந்தக் கயிற்றுத் துண்டு இன்னும் சின்னவள் மேசையில் தொங்குகிறது.

நீலக் குகை அதற்கடுத்த வருடம் கிடைத்தது.

நீலக் குகைக்கு எப்படிப் போவது? விஸ்ஸில் வேறென்ன இருக்கிறது?

வாசல் மிகத் தாழ்வு, நம் படகு நுழையாது. விஸ் தீவின் மேற்கிலிருக்கும் கோமிஷாவிலிருந்து சுற்றுலாப் படகில் போய், குகையருகே சின்னப் படகுக்கு மாறி, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். காலை 11-க்கும் 12-க்கும் நடுவில்தான் ஒளி நன்றாக இறங்கும். தண்ணீருக்கு அடியிலிருந்து வெள்ளியும் நீலமுமாக வெளிச்சம் வரும், அம்மா கைகூப்பிவிட்டார். நீந்த அனுமதியில்லை, உள்ளே இருக்கும் நேரமும் சில நிமிடம்தான்.

விஸ் யூகோஸ்லாவிய இராணுவத் தளமாக இருந்தது, 1989 வரை வெளிநாட்டவரை விடவில்லை. அதனால்தான் பெரிய ஹோட்டல்கள் எழும்பாமல் ஊர் ஊராகவே இருக்கிறது. நீர்மூழ்கிகளை ஒளித்து வைக்கப் பாறையைக் குடைந்த சுரங்கம் ஒன்று வடக்குக் கரையில் உண்டு, சின்ன ரப்பர் படகில் உள்ளே போய்க் கத்திப் பார்த்தால் எதிரொலி திரும்பி வரும். என் பிள்ளைகளுக்குக் குகையைவிட இதுதான் அதிகம் பிடித்தது. இரவு தங்குவதற்கு மட்டும் விஸ் நகரத்துப் பக்கம் வந்துவிடுங்கள், கோமிஷா மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் அலைக்குத் திறந்து கிடக்கிறது.

பிள்ளைகள் கடலில் விழுந்துவிட மாட்டார்களா?

பயம் நியாயமானது, அதனால்தான் விதிகளைப் படகு ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டு விதி: படகு நகரும்போது மேல்தளத்தில் காலை வைத்தால் உயிர்காப்பு உடை இருக்க வேண்டும், துறை நடைமேடையில் ஓடும்போதும் சின்னவளுக்கு அது கழலாது. கயிறு இறுகும்போது யாரும் அதன் அருகில் இல்லை. துறைக்குள் நுழையும்போது பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்த இடத்தில் அசையாமல்.

உயிர்காப்பு உடையை எடைக்குத் தகுந்தபடி வீட்டிலிருந்தே வாங்கிப் போங்கள், படகில் இருப்பது அளவு பொருந்தாது. சின்னவர்களுக்குத் தானாக ஊதிக்கொள்ளும் வகை வேண்டாம். நுரை வைத்தது, கால்களுக்கு நடுவே பட்டை வருவது, கழுத்தைத் தாங்குவது, இப்படிப் பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்து நீச்சல் குளத்தில் ஒரு தடவை போட்டுக் குதிக்க விடுங்கள். படகின் ஓரக் கம்பிகளுக்கு வலை கட்டித் தரச் சொல்லிப் பதிவின்போதே கேளுங்கள், பணம் கொஞ்சம் கூட, ஆனால் கட்டாயம்.

பெரியவர்களும் படித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஓட்டுகிறவரே தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது? மனைவிக்கும் பெரியவளுக்கும் இன்ஜினை இயக்கவும் நிறுத்தவும், விழுந்தவருக்கு உயிர்காப்பு வளையத்தை எறியவும், ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் உதவி கேட்கவும் தெரியும். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் ஒரு தொப்பியைக் கடலில் எறிந்து அதைப் பிடித்துப் பழகுகிறோம். குரோஷியாவில் கடல் மீட்புக்கு 195 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது, அறைக் கதவில் ஒட்டிவையுங்கள்.

வாந்தி வருமா?

சிலருக்கு வரும். கடலைவிட அறைக்குள் இருப்பதுதான் அதற்குக் காரணம், மேலே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் பாதி சரியாகிவிடும், சுக்கானைக் கையில் கொடுத்தால் மீதியும். வெறும் வயிறு வேண்டாம், இட்லிப் பொடி தடவிய ரொட்டித் துண்டு, இஞ்சி மிட்டாய் ஏதாவது உள்ளே இருக்கட்டும். ஸ்டுகெரான், அவோமின் மாதிரி மாத்திரைகள் கிளம்புவதற்கு முன்பே போட்டால்தான் வேலை செய்யும், தூக்கமும் வரும். பிள்ளைகளுக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் நாள் பயணத்தை இரண்டு மணி நேரத்தோடு நிறுத்துவது எல்லா மாத்திரையையும்விட உதவும்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

படகில் இரண்டு மூன்று அடுப்பு உண்டு, கேஸ் சிலிண்டர்தான். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துப் போனோம், அதிலேயே ஒரு வாரம் ஓடியது. கட்டி நிற்கும்போது மட்டும் சமையுங்கள். அரிசி, பருப்பு, ரசப்பொடி, புளி, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் வீட்டிலிருந்து. இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்கள் நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு, இறைச்சி எதையும் கொண்டுவராதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணப் பெட்டியில் இவற்றை எடுத்து வர அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், காயவைத்துப் பொடியாக அரைத்துக் கொண்டு வாருங்கள். காய்கறி, பழம் ஸ்ப்ளிட் சந்தையிலும் தீவுகளிலும் தாராளம். ஜூன் செர்ரியை அங்கே சாப்பிட வேண்டும்.

வெளியே, கோனோபா என்று குடும்பமாக நடத்தும் உணவகங்கள். சைவர்களுக்கு பிளிட்வா, அதாவது கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஒலிவ எண்ணெயில், அம்மா இதை மூன்று வேளையும் கேட்டார். சோபார்னிக் என்று கீரை வைத்த மெல்லிய ரொட்டி, அதுவும் சைவம்தான். கருப்பாக வரும் ரிசோட்டோ என்கிற அரிசிச் சாப்பாடு கணவாய் மையில் செய்தது, கோமிஷாவின் போகாச்சா ரொட்டிக்குள் மீன் இருக்கும், பார்க்கத் தெரியாது. மீன் சாப்பிடுகிறவர்கள் சுட்ட மத்தியை விட்டுவிடாதீர்கள். பெரிய மீனைக் கிலோ விலையில் போடுவார்கள், நிறுத்துக் காட்டச் சொல்லி விலை கேட்ட பிறகு தலையாட்டுங்கள்.

தண்ணீர், கரண்ட், கழிப்பறை எப்படி?

தொட்டியில் 300 முதல் 500 லிட்டர் வரை நல்ல தண்ணீர். ஐந்து பேருக்கு இரண்டு மூன்று நாள் வரும், அதுவும் கடலில் குளித்துவிட்டுப் பின்பக்கக் குழாயில் உப்பை அலசினால் மட்டும். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவி, கடைசியாக நல்ல தண்ணீரில் ஒரு முறை. கரண்ட் பேட்டரியிலிருந்து, போன் சார்ஜ் ஆகும், மிக்சி ஓடாது. மரீனாவில் கரையிலிருந்து இணைப்புக் கொடுத்தால்தான் 230 வோல்ட். கழிப்பறையில் கையால் பம்ப் அடிக்க வேண்டும், சாப்பிட்டு வந்ததைத் தவிர வேறெதையும் போடக்கூடாது, காகிதம்கூட. அடைத்துக்கொண்டால் அந்த நாள் போய்விடும். பிள்ளைகளுக்கு ஏறிய முதல் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுங்கள்.

வயதான அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

அம்மாவுக்கு 67, முழங்கால் வலி உண்டு. அவருக்காகத்தான் மூன்றாம் வருடம் கேட்டமரான் எடுத்து ஸ்கிப்பரும் வைத்தோம். கடலில் அவருக்குச் சிரமமே இல்லை, சிரமம் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான். பின்பக்கத்திலிருந்து கரைக்கு ஒரு குறுகிய பலகை போடுவார்கள், ஆடும், பிடிக்கக் கயிறு மட்டும் இருக்கும். முதல் நாள் அதில் கால் வைக்கவே பயந்தார். ஸ்கிப்பர் பையன், இருபத்து நாலு வயதிருக்கும், கரையில் நின்று இரண்டு கையையும் நீட்டினான், நான் பின்னால். மூன்றாம் நாளிலிருந்து ஒரு கை போதும் என்றார். அவரோடு போகும்போது ரப்பர் படகில் இறங்க வேண்டிய இடங்களைக் குறைத்து, நேராக நடைமேடையில் கட்டும் துறைகளாகப் பார்த்துத் தங்கினோம், மரீனா செலவு கூடியது. சாயங்காலம் படகின் முன்பக்க வலையில் பேத்திகளோடு மல்லாந்து படுத்துக்கொண்டு பாடினார், அதற்கு முன் அவர் பாடி நான் கேட்டுப் பத்து வருடம் இருக்கும்.

இதய நோய், தலைச்சுற்றல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். தீவுகளில் பெரிய மருத்துவமனை கிடையாது, ஸ்ப்ளிட்டுக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

இரவில் எங்கே தங்குவது?

மூன்று வகை. மரீனா: குளியலறை, கரண்ட், தண்ணீர், கடை எல்லாம் உண்டு, விலையும் உண்டு. மிதவை: குடாவில் போட்டிருக்கும் பந்தில் கயிறு கட்டிக்கொள்வது, சில கோனோபாக்கள் அங்கே இரவு சாப்பிட்டால் மிதவைக்குக் காசு வாங்குவதில்லை, போனில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நங்கூரம்: இலவசம், நட்சத்திரம் நிறைய, ஆனால் காற்று மாறினால் இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க வேண்டும். புதியவர்கள் ஒரு நாள் மரீனா, ஒரு நாள் மிதவை என்று மாற்றிக்கொள்வது நல்லது.

பெட்டியில் என்ன வைப்பது?

முதலில், பெட்டியே வேண்டாம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வைக்கப் படகில் இடமில்லை, மடிக்கக்கூடிய துணிப்பை மட்டும். பாறைக் கரையெல்லாம் கடல் முள்ளெலி, அதனால் எல்லோருக்கும் தண்ணீர்ச் செருப்பு. தளத்துக்குத் தனியாக வெள்ளை அடி ரப்பர் ஷூ. தொப்பிக்குத் தாடைக் கயிறு, நீளக்கை நீச்சல் உடை, ஜூனிலும் ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர், துணி மாட்டும் கிளிப் ஒரு டஜன், தலையில் மாட்டும் விளக்கு. மற்றதைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் முதல் முறை கொண்டுபோனதில் பாதியைத் தொடவே இல்லை.

படகை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் எதைக் கவனிக்க வேண்டும்?

வாங்கும்போது அவசரப்படுத்துவார்கள், அசராதீர்கள். வெளிப்பக்கம் முழுக்கச் சுற்றி வீடியோ எடுங்கள், ஒவ்வொரு கீறலும் தெரிய. பாயை ஏற்றி இறக்கிப் பாருங்கள், நங்கூர மோட்டாரை ஓட்டிப் பாருங்கள், கழிப்பறை பம்பை அடித்துப் பாருங்கள், உயிர்காப்பு உடைகளை எண்ணுங்கள். இரண்டாம் வருடம் ஒரு நிறுவனம், படகின் அடியில் ஏற்கெனவே இருந்த கீறலை எங்கள் தலையில் போடப் பார்த்தது. பிணைத்தொகை 2,000 யூரோ அவர்கள் கையில். முதல் நாள் நீந்தும்போது பெரியவள் தண்ணீருக்கடியில் எடுத்த வீடியோவில் அந்தக் கீறல் தேதியோடு இருந்ததால் பேச்சு அதோடு நின்றது. அப்போதிருந்து முதல் நீச்சலிலேயே அடிப்பக்கத்தைப் படம் எடுப்பது அவள் வேலை.

திருப்பும்போது டீசல் நிரப்பித் தர வேண்டும். வெள்ளி பிற்பகலில் எல்லாப் படகும் ஒரே பம்புக்குத்தான் வரும், ஒன்றரை மணி நேரம்கூட வட்டமடிக்க நேரும். மதியம் ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள். இரவு படகிலேயே தூங்கலாம், காலை ஒன்பது மணிக்குள் பைகள் கரையில் இருக்க வேண்டும்.